கேரட் டிரம்முக்கு நான் கொடுத்த நாலாம் படி

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு தை மாதம், கொடைக்கானலுக்குப் பக்கத்தில் வில்பட்டியில் நடந்தது இது. விடியும்போது புல்லின் மேல் உப்பைத் தூவியது போல உறைபனி கிடக்கும் பருவம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தன்னைப் பற்றித் தானே சொல்லக் கூடாது என்பார்கள். ஆனால் என்னைப் பற்றி மற்றவர்கள் சொல்லும்போது பாதியை விட்டுவிடுகிறார்கள், அதனால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. தலையில் மூட்டை சுமந்து தொடங்கினேன். அப்புறம் ஒரு மட்டக் குதிரை, அப்புறம் வாடகை ஜீப், கடைசியில் சொந்த லாரி, ஓடைக்கரையில் சரக்கைப் போட்டு வைக்கச் சொந்தக் கிட்டங்கி. ஒரு கேரட்டைக் கையில் எடுத்தால் அது எந்தச் சரிவில் விளைந்தது, வெயில் எந்தப் பக்கம் பட்டது என்று சொல்லிவிடுவேன். மதுரை மார்க்கெட்டில் மற்ற வியாபாரிகளின் சாக்கைக் கொட்டிப் பார்ப்பார்கள். என் சாக்கை அப்படியே தராசில் ஏற்றுவார்கள். அது அரண்மனை வாசலில் கிடைத்த மரியாதைக்குச் சமம்.

மலையில் கேரட்டைத் தோண்டியவுடன் யாரும் அப்படியே அனுப்ப முடியாது. கருப்பு மண் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். ஓடை ஓரத்தில் தொட்டி கட்டி, அதில் கேரட்டைக் கொட்டித் தண்ணீரைத் திருப்பிவிடுவோம். குறுக்கே ஒரு மூங்கில் கட்டியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வரிசையாக நின்று காலால் மிதித்து மிதித்துக் கழுவுவார்கள். தை மாதத்துத் தண்ணீரில் கால் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது என்ன வேலை என்று தெரியும். நானும் அதைச் செய்து வந்தவன்தான். முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

என்னிடம் மிதிக்கிற ஆட்கள் எல்லோரும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து இங்கே குடியேறிய குடும்பத்தார். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஓர் அம்மா இருந்தார். என் வயதுதான் இருக்கும். என்னை முதலாளி என்றுதான் கூப்பிடுவார், ஆனால் அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு எதிலும் என்னை முதலாளியாக நடத்தியது கிடையாது.

அந்தச் சமயத்தில் செண்பகனூரில் ஒரு வீட்டில் லீவுக்கு வந்து தங்கும் வாத்தியார் ஒருவர் எனக்குப் பழக்கம். மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் ஓர் இஞ்சினியரிங் காலேஜில் பாடம் நடத்துகிறவர். என்னிடம் காய் வாங்க வருவார். வாங்குவது கால் கூடை, பேசுவது அரை நாள். ஒருநாள் வந்து இப்படிக் கேட்டார்.

"அண்ணே, எங்க ரெண்டாம் வருஷத்துப் பிள்ளைங்க மலை விவசாயிக்கு ஆகும்னு கொஞ்சம் சாமான் செஞ்சிருக்காங்க. நாங்களே சொல்லிக் கொடுத்து, நாங்களே பாத்து, நாங்களே நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டா எப்படி? அத வெச்சுப் பிழைக்கிற ஆளு ஒருத்தர் பாக்கணும். நீங்க வந்து மதிப்புப் போட்டுக் குடுங்க."

"அதுக்கு மூணாப்பு போதுமா சார்?"

"தாராளம்."

எனக்கு வந்த சந்தோஷத்தில் என் கிட்டங்கியையே காலி செய்து கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் சாமானை அங்கேயே கொண்டுவந்து வைக்கட்டும், ஓடையும் பக்கத்தில் இருக்கிறது என்றேன்.

வீட்டில் போய்ச் சொன்னேன். என் வீட்டுக்காரி அடுப்பை விட்டுத் திரும்பவே இல்லை.

"மூணாப்பே முடிக்காத மனுசன் இஞ்சினியருக்கு மார்க்குப் போடப் போறாராக்கும். அந்தப் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சுங்களோ."

"பொறாமைப்படாத."

"நான் எதுக்குப் பொறாமைப்படுறேன். மார்க்குப் போடுற ஜோர்ல அன்னைக்குச் சரக்க மறந்துராதீங்க. தை மொத முகூர்த்தம். சாயங்காலம் வண்டி கெளம்பலைன்னா மதுரைக்காரன் ஊட்டிக் கேரட்ட இறக்கிருவான். அப்புறம் உங்க சாக்கையும் கொட்டித்தான் பாப்பாங்க."

அவள் சொன்னது சரிதான். கல்யாணச் சமையல்காரர்கள் எல்லோருக்கும் மதுரைக் கமிஷன் கடைக்காரர் என் பேரைச் சொல்லி வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஒரு லோடு தவறினால் இத்தனை வருஷம் சேர்த்த பேர் போய்விடும். ஆனால் எனக்கா தெரியாது? விடியுமுன்னே தோண்ட ஆள் சொல்லியாயிற்று. மத்தியானம் மிதிப்பு, சாயங்காலம் வண்டி. நடுவில் இஞ்சினியர்களுக்கு மதிப்பு. எல்லாம் என் கணக்கில் இருந்தது.

அன்றைக்குக் காலையில் கோட்டு, மஃப்ளர் சகிதம் கிட்டங்கி வாசலில் நின்றேன். காலேஜ் பஸ் வந்தது. கீழ்நாட்டுப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு ஸ்வெட்டரே கிடையாது. ஒருவன் பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு இறங்கினான். வாயைத் திறந்தால் புகை வருகிறது என்று ஒருவர் மேல் ஒருவர் ஊதிச் சிரித்தார்கள். என் வீட்டுக்காரி எல்லோருக்கும் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள். மிதிக்கிற கூட்டமும் வேடிக்கை பார்க்க வெள்ளனவே வந்து சாக்குகளின் மேல் உட்கார்ந்துகொண்டது. தோண்டிய கேரட் வெளியே ஓடை ஓரத்தில் மலையாகக் குவிந்து கிடந்தது.

வாத்தியார் எனக்கு முறையைச் சொல்லிக் கொடுத்தார். "அண்ணே, இதெல்லாம் ரெண்டாம் வருஷத்து வேலை. முடிஞ்ச சாமான் எதுவும் இல்ல. அதனால நல்லாருக்கா நல்லால்லையான்னு உங்களக் கேக்கல. எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு மட்டும் சொல்லணும். நாலு படி வெச்சிருக்கோம். யோசனை மட்டும் இருந்தா ஒண்ணாம் படி. மேசை மேல ஓடுனா ரெண்டாம் படி. அது வேலை செய்ய வேண்டிய எடத்துல, நெசமான சரக்க வெச்சு ஓடியிருந்தா மூணாம் படி. செஞ்சவன் பக்கத்துல இல்லைன்னாலும் ஓடும்னா நாலாம் படி. மூணும் அதுக்கு மேலயும் வாங்குனது மெட்ராஸ்ல நடக்கிற கண்காட்சிக்குப் போகும்."

நான் எல்லாம் புரிந்த மாதிரித் தலையாட்டினேன். எனக்குப் புரிந்தது ஒன்றுதான், நாலு என்பது ஒசத்தி.

முதலில் ஒரு கயிற்றுப் பாதை. கீழ்ச்சரிவிலிருந்து மூட்டையை ரோட்டுக்கு இழுத்து ஏற்ற வேண்டும் என்று யோசனை. மூட்டைக்குப் பதில் தீப்பெட்டி, கயிற்றுக்குப் பதில் நூல். நான் மூட்டை தூக்கிய கையோடு லேசாக ஒரு இழு இழுத்தேன். நூல் அறுந்து தீப்பெட்டி என் கோட்டுப் பைக்குள் விழுந்தது. செய்த பையன்களே சிரித்துவிட்டார்கள். ஒண்ணு என்றேன். வாத்தியாரும் ஒண்ணுதான் என்றார். எனக்கு இதில் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை என்று தெரிந்துபோயிற்று.

அடுத்ததுதான் அந்த டிரம். தகர டிரம்மைப் படுக்கப் போட்டு, உடம்பெல்லாம் துளை போட்டு, பச்சைப் பெயிண்ட் அடித்து, ஒரு பக்கம் கைப்பிடி வைத்திருந்தார்கள். பாதி டிரம் தண்ணீர்த் தொட்டிக்குள் முங்கியிருக்கும். உள்ளே கேரட்டைப் போட்டுச் சுற்றினால் கழுவி வந்துவிடும். செய்தது ஒரு பெண்ணும் இரண்டு பையன்களும். அந்தப் பெண்தான் தலைமை. ஒல்லியாக, தன்னைவிடப் பெரிய ஸ்வெட்டர் போட்டிருந்தது. அப்பா பஸ் கண்டக்டர், திண்டுக்கல் பக்கம். பிள்ளை மெட்ராஸ் கண்காட்சிக்குப் போகப் போகிறது என்று டிப்போ முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாராம். இதைக் கூட இருந்த பையன்தான் என் காதோரம் வந்து சொன்னான். சிபாரிசு என்று நினைத்துச் சொன்னான் போல.

ஒரு கூடை நிறையக் கேரட் கொண்டுவந்திருந்தார்கள். அப்பின சேறோடு இருந்தது. உள்ளே போட்டார்கள். கைப்பிடியை நானே வாங்கிச் சுற்றினேன். எடுத்துப் பார்த்தால் புதுப் பெண் மாதிரி மினுங்குகிறது. ஒரு பொட்டு மண் இல்லை. எத்தனை தை மாதத்தில் என் கால் வெடித்து ரத்தம் கசிந்திருக்கிறது. இதை அன்றைக்கே யாராவது செய்திருந்தால் என்று நினைத்தேன்.

"நாலு," என்றேன், கிட்டங்கி அதிரும்படி.

வாத்தியார், "அண்ணே, கொஞ்சம் நிதானமா..." என்று ஆரம்பித்தார்.

"என்ன சார் நிதானம். என்னைவிட இங்க கேரட்டு தெரிஞ்சவன் யாரு? நாலாம் படி. வெளிய கெடக்குற மொத்தச் சரக்கையும் இன்னைக்கு இதுலதான் கழுவி ஏத்தப் போறேன்." அப்புறம் சாக்குகளின் மேல் உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்து, "இன்னைக்கு உங்க காலுக்கெல்லாம் லீவு. கூலி உண்டு. வீட்டுக்குப் போயிட்டு வாங்க," என்றேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மா மட்டும், "இன்னைக்குக் காலுக்கு லீவு குடுப்பீங்க. நாளையிலருந்து வயித்துக்கும் லீவு குடுத்துருவீங்களே மொதலாளி," என்றார்.

நான் அதற்குப் பதில் யோசிப்பதற்குள் அவர் மடியிலிருந்து ஒரு கேரட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போனார். வழியில் தின்பதற்கு எடுத்து வைத்திருந்தது. மண்ணும் தழையுமாக இருந்தது.

"இந்தா பாப்பா, இதையும் உள்ள போட்டுச் சுத்து. எங்க காலவிட நல்லாக் கழுவுதான்னு பாப்போம்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வாங்கி, தழையை முறிக்கப் போனது. தழையோடு கேரட்டும் பட்டென்று இரண்டாக ஒடிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. ஒடிந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு தங்கள் கூடையிலிருந்து ஒரு கேரட்டை எடுத்து இரண்டு கையாலும் வளைத்தது. அது ஒடியவில்லை. ரப்பர் மாதிரி வளைந்து, விட்டதும் மெதுவாக நிமிர்ந்தது.

"அக்கா, இது எப்பத் தோண்டுனது?"

"காலையிலதான். இன்னும் ஈரமே காயல பாரு."

எனக்குள் ஏதோ இடித்தது. "ஏம்மா, உங்க கேரட்டு எங்க வாங்குனது?" என்றேன்.

பதில் சொன்னது பக்கத்திலிருந்த பையன். "மதுரை மார்க்கெட்லங்க ஐயா. கொடைக்கானல் கேரட்டுதான். கேட்டுத்தான் வாங்குனோம்."

"அதுல மண்ணு ஏது?"

"மண்ணு இல்லீங்க. அதனால எங்க ஹாஸ்டல் பின்னாடி இருக்கிற செம்மண்ணக் கொழைச்சு நாங்களே பூசுனோம். ஒவ்வொரு தடவையும் பூசிப் பூசித்தான் டெஸ்ட் பண்ணோம்."

அந்த அம்மாதான் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நாங்க நடுங்கி நடுங்கி மிதிச்சுக் கழுவி அனுப்புன கேரட்டையே காசு குடுத்து வாங்கி, அதுக்கு மண்ணு பூசி, திரும்பவும் கழுவி, எங்ககிட்டயே கொண்டாந்து காட்டுறீங்களா?"

சாக்கின் மேலிருந்த கூட்டம் சிரித்த சிரிப்பில் தகரக் கூரையிலிருந்து பனித்தண்ணீர் சொட்டியது. வாத்தியார் மஃப்ளரால் வாயைப் பொத்திக்கொண்டார். என் வீட்டுக்காரி காப்பிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பெட்ஷீட் போர்த்திய பையன் ஏன் என்று தெரியாமலே சிரித்தான்.

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. வாத்தியாரிடம் போய், "சார், எங்களுக்கு ரெண்டு போடுங்க," என்றது.

கூட இருந்த பையனுக்கு முகம் செத்துவிட்டது. "ஏய், சும்மா இரு. ஐயாவே நாலுன்னுட்டாரு. ஒனக்கென்ன?"

"அவருக்கு நம்ம என்ன செஞ்சோம்னு தெரியாதுடா. நமக்குத் தெரியும்ல. நெசமான சரக்குல ஒருதரம்கூட ஓட்டல. மூணே கெடையாது, நாலு எங்கருந்து வரும்."

"மெட்ராஸு போச்சு. ஒங்கப்பாகிட்ட என்ன சொல்லுவ?"

அந்தப் பெண் டிரம்மை ஒருதரம் பார்த்தது. "மேசை மேல ஓடுதுன்னு சொல்லுவேன்," என்றது.

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? சரியாகச் சொன்னாய் தாயி என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ ரோஷம் வந்துவிட்டது. இந்த மலையில் நான் சொன்ன விலையை யாரும் திருப்பிச் சொன்னது கிடையாது. நான் நாலு என்று சொன்ன பிறகு ஒரு சின்னப் பெண், அதுவும் தான் செய்த சாமானுக்கே, இல்லை ரெண்டு என்கிறது.

"நாலுன்னா நாலுதான்," என்றேன். "தூக்குங்கடா டிரம்ம. ஓடையில வெச்சு மொத்த லோடையும் போடுங்க. ஓடுதா இல்லையான்னு நான் காட்டுறேன்."

என் ஆட்கள் டிரம்மைத் தூக்கி ஓடை ஓரத்தில் வைத்தார்கள். அந்தப் பெண் ஓடி வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது.

"ஐயா, இது நாங்க செஞ்சது. சுத்த வேணாம்னு நாங்களே சொல்றோம். எல்லாம் நொறுங்கிப்போயிரும்."

"நொறுங்குனா எனக்குத்தான நட்டம்?"

"ஒங்களுக்குத்தான். அதனாலதான் வேணாங்குறேன்."

அப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெண் பயந்தது போலவும் தெரியவில்லை, திமிராகப் பேசியது போலவும் தெரியவில்லை. கைப்பிடியை விடவில்லை.

"அப்ப ஒரே ஒரு மூட்டை போடுங்க ஐயா. மிச்சத்தத் தொடாதீங்க," என்றது. உடனே திரும்பி, "அக்கா, நீங்க யாரும் வீட்டுக்குப் போயிராதீங்க," என்றது.

"நாங்க எங்க போறோம். வேடிக்கையே இப்பத்தான ஆரம்பிக்குது," என்றார் அந்த அம்மா.

ஒரு மூட்டையை உள்ளே கொட்டினோம். நான் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சுற்றினேன். முதலில் கடகடவென்று சத்தம் வந்தது. அப்புறம் மொறுக் மொறுக்கென்று ஆரம்பித்தது, முறுக்குத் தின்கிற கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்த மாதிரி. எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் விடுவேனா, இன்னும் வேகமாகச் சுற்றினேன். திறந்து பார்த்தால் முழுக் கேரட் என்று ஒன்றுகூட இல்லை. நுனி ஒரு பக்கம், கொண்டை ஒரு பக்கம். அதிலும் எங்கள் கருப்பு மண் மடிப்பில் அப்படியே அப்பிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "குத்தம் சொல்லக் கூடாது மொதலாளி. கழுவச் சொன்னா நறுக்கியே குடுத்துருச்சு. கல்யாண வீட்டுச் சமையக்காரனுக்கு சோலி மிச்சம்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்வது, ஊரே சிரிக்கும்போது நான் மட்டும் முறைத்துக்கொண்டு நின்றால் இன்னும் கேவலம். ஆனால் சிரிக்கும்போதே கண் அந்தக் குவியலின் மேல் போனது. மொத்தத்தையும் கொட்டியிருந்தால்? ஆட்களையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தால்?

"ஏலே, நின்னு பாக்குறதுக்கா கூலி? தொட்டியில கொட்டுங்கலே," என்று கத்தினேன். அந்த அம்மாவும் கூட்டமும் ஏற்கெனவே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கியிருந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும். அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானும் மிதிக்க வந்தது. உள்ளே கால் வைத்ததும் போட்ட சத்தத்தில் எதிர்மலைக் குரங்கெல்லாம் எட்டிப் பார்த்தது. மூங்கிலைப் பிடிப்பதற்குள் வழுக்கி உட்கார்ந்துவிட்டது. அந்த அம்மா ஒரு கையால் தூக்கி நிறுத்தி, "பாப்பா, முன்னாடியே சொல்லியிருந்தா உன்னையும் கழுவியிருப்போம்ல," என்றார். இரண்டு பையன்களும் இறங்கினார்கள். பெட்ஷீட் பையனும் பெட்ஷீட்டோடு இறங்கினான். வாத்தியார் மட்டும் நெஞ்சுச் சளியைச் சாக்குச் சொல்லிக் கரையிலேயே நின்றுகொண்டார். வேலை வெரசாக முடிந்தது. வெயில் சாயும் நேரத்தில் லாரி நிறைந்து தார்ப்பாய் கட்டியாயிற்று. அந்தத் தை முகூர்த்தத்தில் மதுரையில் எத்தனையோ பந்தியில் என் கேரட்தான் இலையில் விழுந்தது. என் சாக்கை யாரும் கொட்டிப் பார்க்கவில்லை.

டிரம்முக்கு வாத்தியார் ரெண்டாம் படிதான் போட்டார். நானும் ஒத்துக்கொண்டேன், ஒத்துக்கொள்ளாமல் வேறு வழியும் இல்லை.

பஸ் கிளம்பப் போகும்போது எனக்கு மனசு ஆறவில்லை. காலையிலிருந்து இழந்த மரியாதையைக் கொஞ்சமாவது திரும்பப் பிடிக்க வேண்டும் என்று தோன்றியது. ஈர ஸ்வெட்டரோடு என் வீட்டுக்காரியின் கம்பளிக்குள் சுருண்டு நின்ற அந்தப் பெண்ணிடம் போனேன்.

"ஏந்தாயி, அந்த நாலாம் படின்னா என்னன்னு இன்னொருக்கச் சொல்லு."

"செஞ்சவங்க பக்கத்துல இல்லைன்னாலும் அது பாட்டுக்கு ஓடணும் ஐயா."

"அப்படி ஒண்ணு ஒலகத்துல உண்டா? என்னையே எடுத்துக்க. நான் நிக்கலைன்னா இந்த மலையில ஒரு கேரட்டு லாரி ஏறாது. தோண்ட நான் சொல்லணும். கழுவ நான் சொல்லணும். வண்டி எடுக்க நான் சொல்லணும். எல்லாம் இந்தத் தலைக்குள்ள இருக்கு."

அந்தப் பெண் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டது. "அப்படின்னா ஒங்க யாவாரம் இன்னும் மூணாம் படியிலதான் இருக்குங்க ஐயா," என்றது. கேலி இல்லை. மதிப்புப் போடச் சொல்லிக் கேட்டால் சொல்வது போல, மரியாதையாகச் சொன்னது.

பின்னால் அந்த அம்மா கைகொட்டிச் சிரித்தது கேட்டது. "ரெண்டு போடு பாப்பா, மூணு ஜாஸ்தி," என்றார். பஸ் கிளம்பிவிட்டது.

அடுத்த வருஷம் தை மாதம் அந்தப் பிள்ளைகள் அதே டிரம்மோடு திரும்ப வந்தார்கள். உள்ளே முழுக்கத் தேங்காய் நார்ப் பாய் தைத்து, சுற்றும் வேகத்தைக் குறைத்து, ஒரு வாரம் என் கிட்டங்கியிலேயே தங்கி, அன்றன்று தோண்டிய கேரட்டைப் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். மூணாம் படி வாங்கி மெட்ராஸுக்கும் போய், டிரம்மை என்னிடமே திரும்பக் கொண்டுவந்தார்கள். பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் கண்டக்டர் அப்பா லீவு போட்டுக்கொண்டு வில்பட்டிக்கு வந்து, ரோட்டில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "எம் மக செஞ்ச மெஷினு எந்தக் கிட்டங்கியிலங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். டிரம் என்னிடமே தங்கிவிட்டது. அதைச் சுற்றுகிற வேலையை அந்த அம்மாவும் அவர் கூட்டமும் எடுத்துக்கொண்டார்கள். காலுக்கு லீவு வந்தது, வயிற்றுக்கு லீவு வரவில்லை. பழுதானால் அவர்களே பாயை மாற்றித் தைத்துக்கொண்டார்கள். யாரையும் கூப்பிடவில்லை.

இதற்குப் பிறகு சில வருஷம் கழித்து, நல்ல சீசனில், கிட்டங்கிப் படியில் வழுக்கி விழுந்து என் காலில் மாவுக்கட்டுப் போட்டார்கள். எழுந்திருக்கவே கூடாது என்றுவிட்டார்கள். அவ்வளவுதான், யாவாரம் படுத்துவிட்டது என்று நினைத்தேன். கட்டிலில் கிடந்தபடியே ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்ப வேண்டும், யாராவது வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை. சாயங்காலம் லாரி ஏற்றத்தில் முக்கிக்கொண்டு போகிற சத்தம் மட்டும் கேட்டது. மறுநாளும் அதே சத்தம். எனக்கு வந்த கோபத்தில் சாப்பாட்டைத் தள்ளி வைத்தேன்.

"யாரக் கேட்டு வண்டி போகுது?" என்றேன்.

"தோண்டுறத நான் பாத்துக்குறேன். கழுவுறத அந்தக்கா பாத்துக்குது. டிரைவருக்கு மதுரைக்கு வழி தெரியும்," என்றாள் என் வீட்டுக்காரி, வட்டிலைத் திரும்ப என் பக்கம் நகர்த்தியபடி.

எனக்குச் சட்டென்று அந்த ஈர ஸ்வெட்டர் ஞாபகம் வந்தது. கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. "ஏய், அப்ப நம்ம யாவாரம் நாலாம் படிக்கு வந்துருச்சு," என்றேன்.

"அது வந்து ரொம்ப நாளாச்சு. உங்க காதுக்கு இன்னைக்குத்தான் வந்திருக்கு. சாப்பிடுங்க."

இப்போதும் யாராவது என்னிடம் ஒன்றைச் செய்து முடித்துவிட்டேன் என்று கொண்டுவந்து காட்டினால், எந்தக் கேரட்டைப் போட்டுப் பார்த்தாய் என்றுதான் முதலில் கேட்கிறேன். எனக்கு இருக்கிற பெருமைகளை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தால் நாள் போதாது. ஆனால் நான் கட்டிலில் கிடந்தபோது என்னைக் கேட்காமல் மதுரைக்குக் கிளம்பிப் போன அந்த லாரியின் சத்தத்தைத்தான் இன்றைக்கு எல்லாவற்றுக்கும் முதலாவதாகச் சொல்கிறேன்.